நான்கு தறிக்கு மானியம்

ஆரணிக் கொசப்பாளையத்து உண்ணாமலைக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு பெயரை எத்தனை மனுக்களின் அடியில் எழுதியிருப்பாள் என்று கேட்டால் நகரசபைக் குமாஸ்தாவே கையை விரித்துவிடுவார். எம்.எல்.ஏ.வுக்கு மனு, கலெக்டருக்கு மனு, கைத்தறி இலாகாவுக்கு மனு. எல்லாமே ஒன்றைத்தான் கேட்டன. சீட்டாடிக் குடும்பத்தைக் கெடுக்கிற ஆண்களை நாற்பது நாள் உள்ளே வைத்து, சோறு போட்டு, தெளிய வைத்து அனுப்பும் ஒரு வீட்டுக்கு அரசாங்கம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். பைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, சீட்டுப் பைத்தியத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலமானால் மனமகிழ் மன்றத்தில் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறவர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், பாவம்!

அந்த வீடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1973-ல் அவள் புருஷன் லோகநாதன் ஆரணியிலேயே நல்ல நெசவாளிகளில் ஒருவன். அதேபோல ஆரணியிலேயே மோசமான சீட்டாட்டக்காரர்களில் ஒருவன். மோசம் என்றால் தோற்கிறவன். ஜெயிக்கிறவனாவது ஒரு நாள் அலுத்துப்போய் எழுந்து வருவான். தோற்கிறவன் விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவான். விட்டதை விட்டதோடு விடாமல், ஒரு நாள் முதலாளி கொடுத்த ஜரிகையில் கை வைத்தான்.

இந்த ஊரில் அது சாதாரணக் காரியம் இல்லை. பட்டு நெய்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு இழைகூடக் கிடையாது. முதலாளி நிறுத்துக் கொடுக்கிற பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஜரிகையும் எடைக்கு எடை புடவையாகத் திரும்பிப் போக வேண்டும். ஜரிகையை விற்றவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், அப்புறம் எந்த முதலாளி வீட்டிலும் அவனுக்குப் பாவு இறங்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உண்ணாமலை மூச்சு விடவில்லை. தாலிக் குண்டுகளை விற்று, குறைந்த ஜரிகையை வாங்கி வைத்தாள். அடுத்த பாவு வந்ததும் அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, புருஷனை முன்னால் நடக்கவிட்டு, முள்ளிப்பட்டில் இருக்கும் தறி போட்டிருந்த தன் அண்ணன் துரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"இன்னாத்துக்கு என்னை இங்க இட்டுகினு வந்த?" என்றான் லோகநாதன்.

"இந்தப் பாவு நெய்ஞ்சி முடிச்சு அறுக்கிற வரைக்கும் நீ இங்கதான். கையில காசு வராது, எலையில சோறு வரும். பேசணும்னா எங்கிட்ட பேசு. நான் இல்லாட்டி தறிகிட்ட பேசு."

"நான் இன்னா ஜெயில் கைதியா?"

"ஜெயில்ல சோறு இவ்ளோ நல்லா இருக்காது" என்றாள் அவள்.

பட்டில் ஒரு பாவு என்றால் மூன்று புடவை. ஏறக்குறைய நாற்பது நாள் வேலை. முதல் பத்து நாள் லோகநாதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு தரம் சுவரேறிக் குதித்தான்; இரண்டு தரமும் துரை பேருந்து நிறுத்தத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தூக்கத்தில் சீட்டுக் கலைத்தான். இரண்டாவது புடவையில் கொஞ்சம் அடங்கினான். மூன்றாவது புடவை முந்தானைக்கு வந்தபோது, ஒரு நாள் தறிக்குழியில் கால் வைத்தபடியே மனைவியிடம் சொன்னான்: "கூலிக் காசு கையில வந்தா எனக்கு பயமா கீது உண்ணாமலை. நீயே வாங்கிக்கோ." கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த நல்ல சொல் அதுதான். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ரசத்துக்குத் தாளித்தாள்.

சேதி பெண்கள் வழியாகத்தான் பரவியது. குழாயடியில் ஒருத்தி, கோயிலில் ஒருத்தி, காதோடு காதாக: "எங்க வூட்டுக்காரரையும் ஒரு பாவுக்குச் சேத்துக்கோயேன் அக்கா." இரண்டு வருஷத்தில் துரையின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள், எங்கள் வீட்டில் இனிமேல் இடமில்லை என்று. அப்போது லோகநாதன்தான் ஊர் எல்லையில் இருந்த காலரா கொட்டகையைக் கண்டுபிடித்தான். காலரா நோயாளிகளை ஒதுக்கி வைக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பிறகு நகரசபை வசம் வந்தது. காலரா போய் வெகு காலம் ஆகியிருந்தது. ஆடுகளை விரட்டிவிட்டு, தரையை மெழுகி, நான்கு குழி வெட்டி நான்கு தறி போட்டார்கள். யாரையும் கேட்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊரில் அதற்குப் பாவு வீடு என்று பெயர் விழுந்தது.

பாவு வீட்டில் சட்டம் ரொம்பச் சின்னது. உன் முதலாளி கொடுத்த பாவோடு வா, அதை அறுத்ததும் போ. கூலி பெண்டாட்டி கையில். வந்தவன் பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. வீட்டை விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குச் சொன்ன சாக்கு ஒன்றே: 'முள்ளிப்பட்டில் உறவுக்காரர் வீட்டில் இருந்து நெய்கிறேன்.' அந்தக் கணக்குப்படி பார்த்தால் முள்ளிப்பட்டில் உறவு இல்லாத ஆளே ஆரணியில் இல்லை என்றாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாவு தீர்ந்தால் தறியை மொட்டையாக விடமாட்டார்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிப் பிணைப்பார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. இரண்டு நாள் வேலை. பாவு வீட்டில் போகிறவனும் வருகிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். இரண்டு நாளும் வாய் சும்மா இருக்குமா? போகிறவன் தன் கதை முழுக்கச் சொல்லிவிடுவான். வருகிறவன் அழுவான், திட்டுவான், அப்புறம் கேட்பான். எந்த டாக்டர் வந்து சொன்னாலும் அவ்வளவு ஏறாது. பிணைத்து முடித்துப் பாவை முன்னுக்கு இழுத்ததும் பழைய பாவின் முழ நீள மிச்சத்தை வெட்டி உண்ணாமலை ஆணியில் மாட்டுவாள். பெயரில்லை, தேதியில்லை. ஆளுக்கொரு கொத்து நூல், அவ்வளவுதான் ரிஜிஸ்தர்.

எல்லோரும் திருந்தினார்களா என்றால் இல்லை. பத்துக்கு மூன்று பேர் திரும்ப ஆடப் போனார்கள். அதை அவள் மறைத்ததும் இல்லை. "ஜுரம் திரும்ப வர்றதில்லையா? வந்தா இன்னொரு பாவு" என்பாள்.

வந்தவர்களில் ஒருத்தனை மட்டும் அவளால் மறக்க முடியாது. 1980-ல் மாணிக்கவேல் என்ற இளைஞன் தானாகவே வந்தான். பெண்டாட்டி இழுத்து வரவில்லை, அம்மா அழுது அனுப்பவில்லை. தோளில் பாவோடு வாசலில் நின்று சொன்னான்: "அக்கா, எங்க மொதலாளி என்னை நம்பி ஜரிகையை நிறுக்காம குடுக்கறாரு. வேற யாருக்கும் அப்டி குடுக்க மாட்டாரு. நான் வெளிய ஆடிகினு கீறேன். இது வரைக்கும் ஜரிகையில கை வெக்கல. ஒரு நாளைக்கு வெச்சிடுவேன். அதுக்கு முன்னாடி என்னை உள்ள வை."

நாற்பத்திரண்டு நாள் இருந்தான். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான், மொதலாளிக்கு மட்டும் தெரியக் கூடாது என்று. படவேட்டு ரேணுகாம்பாள்மேல் சத்தியமாக யார் வாய்க்கும் வராது என்று அவள் விளக்கில் கை வைத்துச் சொன்னாள்.

அவனுடைய முதலாளி பொன்னுசாமி. இருபத்தைந்து தறிக்குப் பாவு கொடுக்கிறவர். பெரிய மீசை, பெரிய குரல், பெரிய மனது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

1986-ல், பல வருஷம் கழித்து நகரசபைக்குத் தேர்தல் வந்தது. பொன்னுசாமி கவுன்சிலர் ஆனார். புதுச் சபை வந்தால் புதுத் திட்டம் வர வேண்டாமா? காலரா கொட்டகையை இடித்துவிட்டுக் காய்கறிச் சந்தை கட்டலாம் என்று யாரோ சொல்ல, பதினைந்து நாளில் காலி செய்யும்படி பாவு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உள்ளே நான்கு தறியிலும் நான்கு பேர், பாதிப் பாவில். ஒருத்தனும் இன்னும் தெளியவில்லை. வெளியே விட்டால் நேரே எங்கே போவார்கள் என்று உண்ணாமலைக்குத் தெரியும்.

பதறி அடித்துக்கொண்டு எம்.எல்.ஏ.விடம் ஓடினாள். அவர் நல்ல மனுஷன்தான், காபி கொடுத்தார். "இதுல எத்தினி ஓட்டு வரும்மா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"சூதாடி எத்தினி பேருன்னு எண்ணாதீங்க. அவன் பொண்டாட்டி, அம்மா, அக்கா, தங்கச்சி, மாமியா எத்தினி பேருன்னு எண்ணிப் பாருங்க" என்றாள் உண்ணாமலை.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அப்போதே சிபாரிசுக் கடிதம் எழுதினார். கொட்டகையை விட்டுவைத்து, வருஷா வருஷம் மானியமும் கொடுக்கலாம் என்று சேர்மன் திருமலையும் ஒத்துக்கொண்டார். எல்லாம் கூடி வந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! மானியம் என்றால் பயனடைந்தவர்கள் பெயர்ப் பட்டியல் வேண்டும், விலாசத்தோடு வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். விதி அப்படி. அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கலாம், வாங்கினவன் பெயரை யாரும் கேட்பதில்லை. சூதை விட்டவன் பெயரைத்தான் கேட்பார்கள்.

"என் பேரை முதல்ல எழுதிக் குடு, எனக்கு இன்னா வெக்கம்?" என்றான் லோகநாதன்.

"உன் பேரு என்னுது, எழுதலாம். மத்தவங்க பேரை எழுத நான் யாரு? ஒரு பேரு வெளிய வந்தா ஒரு வூட்ல பாவு நின்னுபூடும்" என்றாள். பட்டியல் இல்லாமலேதான் சபைக்குப் போனாள். ஆணியில் இருந்த நூல் கொத்துகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெயர் வேண்டாம், ஆள் எண்ணிக்கையாவது காட்டலாமே என்று நினைத்தாள். நூல் வாய் திறந்து பேசவா போகிறது?

சபையில் பேச்சு காலையிலேயே சூடு பிடித்திருந்தது. பொன்னுசாமி எழுந்து நின்றார்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? சீட்டு புடிச்ச கையி சீட்டைத்தான் தேடும். இந்தம்மா சோறு போட்டா மாறிடுமா? ஒழுங்குங்கிறது பொறக்கும்போதே வரணும். என் தறிக்காரன் மாணிக்கவேலை எடுத்துக்கோங்க. அவன் வாழ்க்கையில சீட்டைத் தொட்டிருப்பானா?"

இதைத் தொடர்ந்து அவர் என்ன சொல்லப் போகிறார் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். ஆரணி முழுக்க ஆறு வருஷமாகக் கேட்ட கதை. கிளிப்பச்சைக்குக் கொடுத்த பட்டைச் சாயக்காரன் அடுப்பிலேயே மறந்துபோய்க் காய்ந்த வெற்றிலை நிறத்தில் எடுத்துக் கொடுத்தது. தூக்கி எறிய இருந்த அந்தப் பாவை மாணிக்கவேல் வாங்கிப் போய், அரக்குச் சிவப்பில் ஊடை கொடுத்து நெய்து, செம்பு மாதிரி மின்னும் மூன்று புடவையாகக் கொண்டு வந்தது. மெட்ராஸ் கடைக்காரர் மூன்றையும் போட்டி போட்டு எடுத்தது. "அந்த நெறம் அதுக்கு முன்னாடியும் ஆரணியில கெடையாது, அதுக்கு அப்பாலயும் கெடையாது!" என்று பொன்னுசாமி மேஜையைத் தட்டி முடித்தார்.

உண்ணாமலைக்கு அந்தக் கதை அவ்வளவாகக் காதில் ஏறவில்லை. மாணிக்கவேல் பெயர் வந்ததிலிருந்து அவனுக்குக் கொடுத்த வாக்கையே நினைத்துக்கொண்டிருந்தாள். சேர்மன் அவளைக் கூப்பிட்டார்.

"பேரு வாணாம்மா. வேற ஏதாவது சாட்சி இருக்குதா?"

"கீதுங்க" என்று மூட்டையை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். "அறுபத்து மூணு பேரு. ஆளுக்கு ஒரு கொத்து. எண்ணிக்கோங்க."

அரக்கு, வாடாமல்லி, மாம்பழம், மயில்கழுத்து என்று மேஜை நிறைந்தது. அந்தக் கணமே அவள் செய்த தப்பு அவளுக்குப் புரிந்தது. அடி பாவி! முப்பது வருஷம் பட்டோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லையே! அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பத்துப் பேர் தறி முதலாளிகள். பட்டைப் பார்த்தால் அவர்கள் கை தானாக நீளும். நீண்டது. ஒருவர் முறுக்கிப் பார்த்தார், ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த அரக்கு நம்ம தெருச் சாயமாட்டம் இருக்குதே" என்றார் ஒருவர். நிறத்தைப் பார்த்தால் சாயக்காரன் தெரியும். சாயக்காரன் தெரிந்தால் முதலாளி தெரியும். எந்தப் பாவை எந்தத் தறிக்குக் கொடுத்தோம் என்பது முதலாளிக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பட்டியல் வேண்டாம் என்று வீம்பு பிடித்தவள் அறுபத்து மூன்று விலாசத்தை மேஜையில் கொட்டிவிட்டு நின்றாள்.

பொன்னுசாமியும் ஏளனமாகத்தான் கை விட்டுக் கிளறினார். கிளறிய விரல் நின்றது.

காய்ந்த வெற்றிலை நிறத்தில் ஒரு கொத்து.

உண்ணாமலை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கொத்தைப் பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கும் முன்னே, அந்தப் பெரிய கையை அதன்மேல் மூடினார். மூடிய கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துத் துண்டைப் போட்டார். டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"போதும்யா, ஏலம் போடறாப்ல ஆளாளுக்குத் தடவிகினு" என்று மற்றவர்களை அதட்டினார். "ஜல்தியா மூட்டையைக் கட்டும்மா. நீ கட்டு மொதல்ல."

"அப்ப சாட்சி?" என்றார் சேர்மன்.

"சாட்சி பாத்தாச்சு." பொன்னுசாமி இருமிக்கொண்டார். "ஆளுக்குக் குடுத்தாத்தானே பேரு வேணும்? தறிக்குக் குடுங்க. நாலு தறி, நம்பர் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தறிக்கு மானியம்னு எழுதுங்க. தறி இன்னா சீட்டா ஆடப் போவுது? கொட்டாயும் அவங்களுக்கே இருக்கட்டும். சந்தைக்கு வேற எடமா கெடைக்காது?"

காலையிலிருந்து கத்தியவர் திடீரென்று இப்படிப் பேசியதில் சபை திகைத்துப்போய்க் கையைத் தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது. கட்டடம் பத்து வருஷத்துக்கு, நான்கு தறிக்கும் வருஷா வருஷம் மானியம், அரிசி தனி. பதினோரு வருஷம் நடந்த நடைக்குப் பலன் கிடைத்துவிட்டது. வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் இது தங்களால்தான் வந்தது என்று பட்டாசு வெடித்தார்கள்.

உண்ணாமலைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வீடு பிழைத்தது சரி, மாணிக்கவேல்? விளக்கில் கை வைத்துச் சொன்ன சொல்? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பொன்னுசாமி வீட்டுக்கு நடந்தாள். காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனாள்.

கூடத்தில் மாணிக்கவேல் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முன்பின் தெரியாதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு எதுவும் தெரியாது என்று புரிந்தது. பொன்னுசாமி அலமாரியைத் திறந்து ஜரிகைக் கட்டை எடுத்தார். தராசு பக்கத்திலேயே தொங்கியது. அவர் தராசுப் பக்கம் திரும்பவில்லை. கட்டோடு அவன் கையில் வைத்தார்.

"முகூர்த்தப் புடவைடா. ரெண்டு பக்கமும் ஜரிகைக் கரை. பாத்து நெய்."

"சரிங்க மொதலாளி" என்று அவன் எப்போதும்போலப் போனான்.

அவன் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து பொன்னுசாமி மடியிலிருந்து அந்த வெற்றிலை நிறக் கொத்தை எடுத்து நீட்டினார். "இது வெளிய கெடக்கக் கூடாது. இந்தா, உள்ள வை."

"மொதலாளி, அவன் ஜரிகையில..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. "இத்தினி வருசமா அவனுக்கு நிறுக்காம குடுக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறேன். பொய்யி. ஒவ்வொரு தரமும் அவன் வர்றதுக்கு முன்னாடியே உள்ள வெச்சு நிறுத்துடுவேன். புடவை வந்ததும் மறுபடி நிறுப்பேன். அந்த வெத்தலைப் பாவுக்கும் நிறுத்தேன். ஒரு குந்துமணி கொறையல. அவன் உன் கொட்டாயில கெடந்து அல்லாடினானே, அப்பவும் கொறையல."

தராசுத் தட்டை விரலால் ஒருமுறை தட்டிவிட்டார்.

"இன்னிக்குத்தாம்மா நெசமாவே நிறுக்காம குடுத்தேன்."

உண்ணாமலை கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாவு வீட்டில் நான்கு பேர் பசியோடு இருப்பார்கள் என்று நினைவு வந்தது. சொல்லிக்கொண்டு, உலை வைக்க நடந்தாள்.